இருபத்தைந்தாவது மரம்

மாமரத்தையும் சேர்த்தால்தான் இருபத்தைந்து வரும் என்பது வடிவம்மாளுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தேதான் சேர்த்தாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக அந்த மரத்தின் பக்கம் போகும்போதெல்லாம் அவள் தலை தானாகக் குனிந்துகொண்டது.

அன்றைக்குப் பஞ்சாயத்திலிருந்து வந்தவள் ரெஷ்மா. ஸ்கூட்டர், மழைக்கோட்டு, கழுத்தில் ஓர் அட்டை, கையில் போனும் அளவு டேப்பும். பாறசாலைக்குக் கிழக்கே தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் அந்தக் கேரளப் பஞ்சாயத்தைக் கார்பன் இல்லாத பஞ்சாயத்தாக ஆக்கப் போகிறார்களாம். வீடு வீடாக மரங்களை எண்ணி, சுற்றளவு எடுத்து, எண் போட்ட தகட்டை அடித்துவிட்டுப் போவார்கள். பத்து வருஷத்துக்கு வெட்டக் கூடாது. வெட்டாமல் வைத்திருப்பதற்கு மரத்துக்கு ஐம்பது ரூபாய் வருஷா வருஷம் பாங்கில் விழும். குறைந்தது இருபத்தைந்து மரம் இருந்தால்தான் சேர முடியும். தென்னையும் ரப்பரும் கணக்கில் வராது.

பலா, அயனி, புளி, தேக்கு என்று முப்பத்தாறு சென்ட் பறம்பையும் சுற்றி வந்து, ரெஷ்மா நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

"இருபத்திநாலுதான் வருது சேச்சி. ஒண்ணு கொறையுது. அந்தத் தெக்கால நிக்கிற மாவு?"

"அது எங்க மாமாவுக்குள்ளது."

"பறம்பு மொத்தமும் மாமா பேரிலதானே கெடக்குது? பின்னே எல்லாம் மாமாவுக்குள்ளதுதானே?"

அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. விளங்க வைக்க வடிவம்மாளுக்கும் தெம்பு இல்லை. அவள் மாவு என்று சொன்ன, வீட்டுக்குத் தெற்கே நிற்கும் மாமரம் அந்த வீட்டில் மூத்தவருக்கு. அவர் கண்ணை மூடியதும் அதை வெட்டி, அதே பறம்பில் தென்மூலையில் சிதை அடுக்குவார்கள். நாஞ்சில் நாட்டிலிருந்து இந்தக் குடும்பம் வந்து நாலு தலைமுறை ஆகிறது. பேச்சில் மலையாளம் கலந்த மாதிரியே சாவிலும் கலந்துவிட்டது. மாமனார் சிவதாணு தன் அப்பாவைப் பழைய மாமரத்தை வெட்டி எரித்துவிட்டு, பதினாறு கழிந்த கையோடு தனக்கு இந்த மூவாண்டன் மாவை நட்டாராம். மாங்காய் வெறும் புளிப்பு. அதைப் பற்றி யாருக்கும் குறை இல்லை, அது தின்ன நட்ட மரம் இல்லையே.

அந்த வாரம் முழுக்க மழை. ரப்பர் பட்டையைக் கீறிப் பால் வடிக்கும் வெட்டு நடக்கவில்லை. சிலிண்டர் தீர்ந்து, ஈர விறகை ஊதி ஊதி அவள் கண் எரிந்துகொண்டிருந்தது. கணவன் தளவாய் திருவனந்தபுரத்துத் தம்பானூரில் ஒரு ஹோட்டல் அடுக்களையில் நிற்கிறான், பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வருவான். மாமாவிடம் கேட்கிற காரியமா இது? வேறு கேட்க ஆளில்லை. ஐம்பது ரூபாய் பெரிசில்லை. ஆனால் இருபத்துநாலு மரத்தோடு நின்றால் ஒரு காசும் இல்லையே.

"எழுதிக்கோ. தகடு மட்டும் அந்தப் பக்கமாட்டு அடி, கேட்டியா? வீட்டில இருந்து பாத்தா தெரியப்பிடாது."

ரெஷ்மா ஏன் என்று கேட்கவில்லை. மரத்தின் தெற்கு முகத்தில், இருபத்தைந்து என்று எழுதிய அலுமினியத் தகட்டை இரண்டு ஆணியில் அடித்தாள். சிவதாணுவின் ஜன்னல் மரத்துக்கு வடக்கே இருந்தது.

* * *

போன வருஷம் ஆவணியில் சிவதாணு குளிமுறியில் வழுக்கி விழுந்தார். அதோடு எழுந்து நடமாட்டம் நின்றது. எண்பத்திரண்டு வயசு. முப்பது வருஷம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து டீசல் புகை குடித்த நெஞ்சு, படுத்த பிறகு தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது.

வடிவம்மாளின் நாள் எல்லாம் ஒரே அச்சு. வெளுக்கும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, சாலைக்கு அப்பால் டாக்டர் ஒருவருக்குச் சொந்தமான தோட்டத்தில் இருநூற்றைம்பது ரப்பர் வெட்டுவாள். டாக்டர் நகரத்தில் இருக்கிறார், மரம் இவளைத்தான் அறியும். வந்து மாமனாரைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி கொடுத்துவிட்டு மறுபடி போய்ச் சிரட்டைகளிலிருந்து பால் எடுப்பாள். உறை ஊற்றி, ஷீட் அடித்து, காயப் போட்டு முடிப்பதற்குள் அடுத்த துணி மாற்றும் நேரம் வந்துவிடும். இதில் மழையும் வெயிலும் முறை தவறிவிட்டன. பங்குனியில் நெருப்பாகக் காய்ந்து இலை உதிர்ந்தது. சித்திரையிலேயே மழை பிடித்தது. முன்பெல்லாம் வருஷத்தில் நூற்றிருபது நாள் வெட்டு கிடைக்கும். இந்த வருஷம் எண்பது வந்தாலே பெரிய காரியம். வானம் கெட்டுப்போய்க் கிடக்கிறது என்று யாரும் வந்து அவளுக்கு வகுப்பெடுக்க வேண்டியதில்லை. மரத்தை எண்ணுகிறவர்கள் மேல் அவளுக்குக் கோபமும் இல்லை. எண்ணட்டும். தன்னையும் யாராவது எண்ணினால் நன்றாயிருக்கும் என்று சில நாள் தோன்றும், அவ்வளவுதான்.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் உள்ளிருந்து குரல் வரும்.

"வடிவு, மரம் நிக்கா பிள்ளே?"

"நிக்கி மாமா."

ஜன்னலுக்கு நேராக மரம் நிற்கும். அவர் கண்ணும் அதன் மேலேயே இருக்கும். இருந்தாலும் கேட்பார். சில நாள் அதோடு விடமாட்டார்.

"பாத்துக்கோ. இப்பம் கெவர்மெண்டுக்கு மரத்தில ஒரு கண்ணு உண்டு."

அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்வாள். "நீங்க சும்மா கெடங்கோ" என்பாள்.

"நான் சும்மாத்தானே கெடக்குதேன். முப்பது வருஷம் நான் விட்ட புகைக்கு ஒரு மாவு பத்துமா செல்லு? போவும்போ அதையும் புகைச்சிட்டுப் போவப் போறேன். மோளிலே இருந்து தெய்வம் கணக்கு கேட்டா என்னா செல்லுவேன்?"

சிரிக்கத் தொடங்கி இருமலில் முடிப்பார். அவள் முதுகைத் தடவிக் கொடுப்பாள். எத்தனையோ முறை சொல்லிவிடலாம் என்று வாயெடுத்திருக்கிறாள். மாமா, அந்த மரத்தை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன், இன்னும் எட்டு வருஷம் தொட முடியாது. ஆனால் படுத்த படுக்கையில் ஒரு மனுஷனுக்கு நம்பிக்கை என்று மிஞ்சியிருப்பதே அந்த மரம்தான் என்றால் எந்த வாயால் சொல்வது? தளவாயிடமும் சொல்லவில்லை. கொஞ்சநாள் போகட்டும், கொஞ்சநாள் போகட்டும் என்றே இரண்டு வருஷம் போனது.

* * *

ஆடி அமாவாசை அன்றைக்கு, கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே போனபோது சிவதாணு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். "மாமா" என்றாள். இன்னொரு முறை கூப்பிட்டாள். கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு அவர் கண்களை மூடிவிட்டாள். மழை பெய்துகொண்டிருந்தது.

தளவாய் பதினொரு மணிக்குப் பஸ் இறங்கி வந்தான். ஹோட்டல் உடுப்பு கூட மாற்றவில்லை, எண்ணெய் வாடையோடு அப்பாவின் காலடியில் போய் உட்கார்ந்தான். பத்து நிமிஷம் அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆக வேண்டியதைப் பார்க்க வெளியே வந்தான். சிவதாணுவின் தம்பி சொரிமுத்து அதற்குள் முற்றத்தில் நாற்காலி போட்டு அதிகாரத்தை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அமாவாசை வாவு நாளில போயிருக்காரு, புண்ணியவான். சுடலைக்கண்ணு வந்தாச்சு. மரத்தைச் சாய்ச்சா மூணு மணிக்குள்ள அடுக்கிப் போடலாம்."

சுடலைக்கண்ணு மெஷின் வாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். எந்தப் பக்கம் சாய்க்கலாம் என்று பார்க்கிறவன் அப்படித்தான் சுற்றுவான். தெற்கு முகத்துக்குப் போனவன் அங்கேயே நின்றுவிட்டான். வாசற்படியில் நின்ற வடிவம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, இதில தகடு கெடக்கு."

"என்ன தகடு?" என்றான் தளவாய்.

"பஞ்சாயத்துத் தகடு. இருபத்தஞ்சு. இதை நான் தொட மாட்டேன். போன மாசம் தகடு அடிச்ச ஒரு அயனியை வெட்டினதுக்கு எனக்க வாளைக் கொண்டு போயி பதினெட்டு நாளு வச்சிருந்தானுவோ. பதினெட்டு நாளு பிள்ளைக்குப் பால் வாங்க வழியில்ல. கோவிச்சுக்காதீங்கோ."

தளவாய் மழையில் நனைந்தபடி போய்ப் பார்த்தான். திரும்பி வீட்டைப் பார்த்தான். யாரும் எதுவும் கேட்கும் முன்னே வடிவம்மாள் சொன்னாள்.

"நான்தான் எழுதிக் குடுத்தேன். இருபத்தஞ்சு இருந்தாத்தான் சேக்குவோம்னு சென்னாங்கோ. ஒண்ணு கொறைஞ்சு."

"நீயா?" சொரிமுத்து நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அறிஞ்சுக்கிட்டா? எங்க அண்ணனுக்குள்ள மரம்னு அறிஞ்சுக்கிட்டா செய்தே?"

"அறிஞ்சுதான், சின்ன மாமா."

"கட்டையில போற மனுஷனுக்குக் கட்டையை வித்துப் போட்டியே! ஐம்பது ரூவாய்க்கு!"

"சித்தப்பா, சும்ம இரியும்" என்றான் தளவாய். அவன் கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவன் குரலில் வெறும் களைப்புதான் இருந்தது. "அவ ஒருத்தியாட்டு இந்த வீட்டில கெடந்து சாவுதா. நம்ம யாரு வந்து பாத்தோம்? செய்தது செய்தாச்சு. இப்பம் என்ன வழின்னு பாப்போம்."

அந்த வார்த்தையில்தான் வடிவம்மாளுக்குக் காலையிலிருந்து வராத அழுகை வந்தது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். அங்கே கஞ்சிப்பானை மூடாமல் கிடந்தது. அதை மூடிவிட்டு ரெஷ்மாவை போனில் கூப்பிட்டாள். மாமா போய்விட்டார், மரம் வேண்டும் என்று இரண்டே வார்த்தை. எதிர்முனையில் ரெஷ்மா, "அய்யோ, மாமா போயாச்சா" என்ற பிறகு, "வெட்டாண்டாம் சேச்சி, நான் வாறேன்" என்று வைத்துவிட்டாள்.

தளவாய் வார்டு மெம்பர் ஷெமியைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்கப் போட்டான். ஷெமி நல்ல மாதிரி. உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

"இன்னைக்கு வாவு லீவில்லியா தளவாய் அண்ணா, ஆபீஸ் பூட்டிக் கெடக்கு. அனுமதி கிட்டணும்னா அப்ளிகேஷன் வேணும், ஆளு வந்து பாக்கணும். சிங்ஙம் மாசம் ஒண்ணுக்கு கார்பன் இல்லாத பஞ்சாயத்துன்னு அறிவிப்பு வச்சிருக்கு, நம்ம வார்டுதான் மாடல் வார்டு. ஒரு காரியம் செய்யலாம். எரிக்கிற கேஸ் வண்டியை நான் ஏற்பாடு செய்யுதேன். வீட்டு முற்றத்துக்கே வரும். ஒண்ணரை மணிக்கூர், முடிஞ்சு போவும். புகையும் இல்ல, கார்பன் கணக்கிலயும் வராது."

"எங்க அண்ணனைக் கணக்கில வராம எரிக்கணுமாக்கும்?" என்று சொரிமுத்து போனைப் பார்த்துக் கத்தினார்.

தளவாய் போனை அணைத்துவிட்டு ஈரத் திட்டில் உட்கார்ந்தான். மரம் எதிரே நின்றது. மழைத்தண்ணீர் அதன் பட்டையில் கறுப்பாக ஒழுகியது.

"நான் தெனமும் பதினாலு மணிக்கூர் கேஸ் அடுப்பு முன்னால நிக்குதேன் சித்தப்பா. அதுக்க சத்தம் ஒறக்கத்திலயும் கேக்கும். அப்பனையும் அதில வைக்க எனக்கு மனசு வரல்ல." முகத்து ஈரத்தை வழித்துவிட்டு அவனே சொன்னான். "வேற வழி இல்லேன்னா வைப்போம். மழையில எத்தனை நேரம் போட்டிருக்க முடியும்?"

* * *

ஒரு மணி வாக்கில் ரெஷ்மாவின் ஸ்கூட்டர் வந்தது. முழங்கால் வரை சேறு. இரண்டு வருஷத்தில் அந்தப் பெண் இளைத்துப் போயிருந்தாள். நாலு மாசமாகச் சம்பளம் இல்லை, ஓணத்தோடு ஒப்பந்தமும் முடிகிறது என்று போன தடவை வந்தபோது சொல்லியிருந்தாள். நேரே உள்ளே போய்ச் சிவதாணுவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"மோளே, இந்தத் தகட்டைக் கழத்தித் தா" என்றார் சொரிமுத்து. "ரூவாயைத் திருப்பித் தந்துடுவோம்."

"ரூவா இல்ல மாமா பிரச்சினை. மரம் எடுக்கணும்னா உடமஸ்தன் முப்பது நாளு முன்னால அறிவிப்பு தரணும். அதுதான் ரூல்."

"அது நல்லாருக்கே! செத்துப்போறவன் முப்பது நாளு முன்னால எழுதித் தரணுமாக்கும்! அண்ணனை எழுப்பிக் கேளு, இப்பம் தருவாரான்னு!"

"தந்திருக்காரு" என்றாள் ரெஷ்மா.

ரெஷ்மா போனை மழைக்கோட்டுக்குள்ளிருந்து எடுத்துத் துடைத்தாள். வடிவம்மாளைப் பார்த்துத்தான் பேசினாள்.

"போன வருஷம் இடவ மாசத்தில இரண்டாவது அளவெடுக்க வந்தேன் சேச்சி. நீங்க பால் எடுக்கப் போயிருந்தீங்க. மாமா அப்பம் கம்பூன்றி நடப்பாரு இல்லியா? கூடவே வந்தாரு. ஒவ்வொரு மரத்துக்கும் டேப்போட ஒரு முனையைப் பிடிச்சுத் தந்ததே அவருதான். இந்த மாவுக்கு வந்தப்பம் தகட்டைப் பாத்துக்கிட்டு நின்னாரு. இது எப்பம் அடிச்சேன்னு கேட்டாரு. நான் சென்னேன்."

"கோவப்பட்டாரா?" என்று கேட்டாள் வடிவம்மாள்.

"சிரிச்சாரு. இருபத்தஞ்சு தெகையாம எனக்க மருமவ இதையும் சேத்திருக்காளேன்னு சென்னாரு. எதுக்கு மாமா சிரிக்குதீங்கன்னு கேட்டதுக்குத்தான் இது என்ன மரம்னு எனக்குச் சென்னாரு. எனக்கு அது வரைக்கும் தெரியாது, சத்தியமாட்டு. லிஸ்டில இருந்து எடுத்துடட்டுமான்னு கேட்டேன். எடுத்தா இருபத்தி நாலாயிடும், அவளுக்கு ஒண்ணும் கிட்டாதேன்னாரு. பின்னே என்ன செய்யலாம்னு அவரே கேட்டாரு. அறிவிப்பு எழுதி வைக்கலாம்னு நான் சென்னேன்."

போனைத் திருப்பிக் காட்டினாள். தளவாய் குனிந்து சத்தமாக வாசித்தான். மரம் இருபத்தைந்து. மூவாண்டன் மா. சுற்றளவு நூற்று நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். எடுக்கும் காரணம்: உடைமையாளரின் சொந்தத் தேவைக்கு. கீழே விரலால் கண்ணாடியில் போட்ட கையெழுத்து. எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தாலும் சிவதாணு என்று படித்துவிடலாம். டிப்போ சம்பள ரசீதில் போடுவது போலவே கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடும் இழுத்திருந்தார்.

"எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?" என்றாள் வடிவம்மாள். "பதினாலு மாசம். நான் இதை நெஞ்சில வச்சுக்கிட்டு..."

"அவருதான் சொல்லாண்டாம்னாரு. அறிஞ்சா அவ வருத்தப்படுவா, அவளாட்டு என்னைக்காவது எனக்கிட்ட வந்து சொல்லட்டும்னாரு."

வடிவம்மாள் அவருடைய ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு சாயங்காலமும் அவர் கேட்டது அவளுக்கு இப்போதுதான் காதில் விழுந்தது. மரம் நிக்கா பிள்ளே. கெவர்மெண்டுக்கு மரத்தில ஒரு கண்ணு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் காத்திருந்திருக்கிறார். இவள் ஒவ்வொரு நாளும் வெளியே நின்றே பதில் சொல்லியிருக்கிறாள்.

சுடலைக்கண்ணு மெதுவாகக் கேட்டான், "அப்பம் வெட்டலாமா? எனக்க வாளுக்கு ஒண்ணும் வராதே?"

"வராது. நான் இருக்குதேன்" என்றாள் ரெஷ்மா. "ஆனா ஒரு கட்டம் காலியாட்டு கெடக்கு. அது நெறைஞ்சாத்தான் ரெக்கார்டு மூடும்." போனை வடிவம்மாளின் பக்கமாக நீட்டினாள். "எடுக்கும் தேதி. அன்னைக்கே கேட்டேன். எனக்கும் தெரியாதே மக்ளே, அதை வடிவு நெறைப்பான்னாரு."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். வடிவம்மாள் கையைச் சேலையில் துடைத்தாள். இருபது வருஷம் ரப்பர் பால் பட்டு விரல் நுனி காய்த்துப்போயிருந்தது, கண்ணாடி முதலில் அவள் விரலை அறியவில்லை. மறுபடி துடைத்து அழுத்தினாள். நாள், மாசம், வருஷம். ரெஷ்மா உதவிக்குக் கை நீட்டவில்லை. நிறைந்ததும் அந்தப் பெண் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போய், தானே ஆணிகளை நெம்பித் தகட்டைக் கழற்றினாள்.

மூன்று மணிக்கு மரம் தெற்கே சாய்ந்தது. பச்சை மரம், ஆடி மழை. தென்னந்தொண்டும் சிரட்டையும் அடியில் நிரப்பி, தலைக்கு மேல் நாலு தகரத்தை ஆட்கள் பிடித்துக்கொண்டு நிற்க, தளவாய் தீ வைத்தான். முதல் அரை மணி நேரம் வெறும் புகைதான். மாடல் வார்டு முழுக்க அது தாழ்ந்து பரவியது. சொரிமுத்து இருமிக்கொண்டே, "அண்ணன் டிப்போவை இங்ங கொண்டாந்துட்டாரு" என்றார். தளவாய்க்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும். பிறகு காற்று திரும்பி, தீ பிடித்துக்கொண்டது.

ரெஷ்மா புறப்படும்போது வடிவம்மாள் அவளுக்கு ஒரு கட்டன் சாயா கொடுத்தாள். "இனி இருபத்திநாலுதானே. லிஸ்டில இருந்து எங்களை வெட்டிடுவாங்களா?"

"வெட்டுவாங்க சேச்சி. அதுக்கு முன்னால எனக்க பேரை வெட்டிடுவாங்க." சாயாவைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

ஆட்கள் கலைந்தார்கள். சாரல் அடிக்கிறதே என்று ஜன்னலைச் சாத்த வடிவம்மாள் உள்ளே போனாள். கட்டில் காலியாக இருந்தது. காலையில் வைத்த கஞ்சிக் கிண்ணம் தரையில் அப்படியே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே இதுவரை அந்த அறையிலிருந்து தெரியாத எல்லாம் தெரிந்தது, டாக்டரின் ரப்பர்க் குன்று, அதற்கு மேலே வானம், நடுவில் கொஞ்சம் நெருப்பு. விளக்கு வைக்கிற நேரம். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னாள்.

"இல்ல மாமா. நான்தான் அதை எழுதிக் குடுத்தேன்."

சொல்லிவிட்டு, ஜன்னலைச் சாத்தாமலே கொஞ்ச நேரம் அங்கே இருந்தாள்.